கனகலிங்கத்தின் காரில் எரிந்த சிவப்பு லைற்

இரஞ்சிதத்தின் வளவு விசுவமடுவில் றோட்டோரத்தில் இருந்தது. வளவில் வற்றாத கிணறு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வன்னிக்குப் பெற்றோல் வராது என்பதால் பழைய கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஓடின என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதித் தூரத்தில் கொதித்துப் போய் இரஞ்சிதத்தின் வாசலில் நிற்கும். அவள் பொனற்றைத் திறந்து, ஈரச் சாக்கால் மூடியைத் திருகி, றேடியேற்றருக்குத் தண்ணீர் ஊற்றுவாள். ஒருவர் தேங்காய் தருவார், இன்னொருவர் அரிசி தருவார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபத்தேழுக் கலவரத்தில் ஓடி வந்து, காடு வெட்டிக் குடியேறியவளுக்கு அந்தக் கிணறுதான் சொத்து.

அவளுடைய புருசன் சுடலைமுத்தைத் தொண்ணூற்று மூன்றில் வயலில் புடையன் பாம்பு கடித்தது. பக்கத்தில் இருந்த ஒரே கார் கனகலிங்கத்தின் ஒஸ்ரின். இரஞ்சிதம் ஓடிப் போய் அவரைக் கூப்பிட்டாள். அவர் மறுக்கவில்லை. காரில் ஏறினார், சாவியைத் திருப்பினார், முன்னுக்கு இருந்த சிவப்பு லைற்றைக் காட்டினார்.

“பார் பிள்ளை, எஞ்சின் கொதிச்சுப் போய்க் கிடக்கு. இப்ப எடுத்தால் வழியில இறுகிப் போகும். நான் என்ன செய்ய?”

லைற் எரிந்தது உண்மை. அவள் தன் கண்ணால் கண்டாள். சுடலைமுத்தைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தருமபுரம் தாண்டவில்லை, உயிர் போய்விட்டது.

செத்த வீட்டுக்குக் கனகலிங்கம் வந்து தலை குனிந்து நின்றார். இரஞ்சிதம்தான் அவருக்கு ஆறுதல் சொன்னாள். “கார் கெட்டுப்போனா நீங்க என்னாங்கய்யா பண்ணுவீங்க” என்று சொல்லித் தேத்தண்ணியும் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒரு வருசமாக, எத்தனை வாகனம் வரிசையில் நின்றாலும் அவருடைய காருக்குத்தான் முதல் வாளி. பாவம் மனுசன், உள்ளுக்குள் நொந்துபோயிருப்பார் என்று நினைத்தாள். நினைத்தவளின் வெகுளித்தனத்தை என்னவென்று சொல்ல.

உண்மையைச் சொன்னவன் மெக்கானிக் பாலன். ஒருநாள் அவளுடைய வேம்பின் கீழே வேறொரு காரைத் திருத்திக்கொண்டிருந்தான். அவள் சும்மா கேட்டாள், அந்தச் சிவப்பு லைற்றுக்குச் சூடு எப்படித் தெரிகிறது என்று.

“அதுக்கு ஒண்டும் தெரியாதக்கா” என்று பாலன் சிரித்தான். எஞ்சின் தலையில் இருந்த சிறிய திருகாணி போன்ற சாமானைக் காட்டினான். “இதின்ர அடி தண்ணிக்குள்ள நிக்குது. உள்ளுக்க ஒரு தகடு இருக்கு. தண்ணி கொதிச்சால் தகடு வளைஞ்சு எஞ்சின் உடம்பில முட்டும். முட்டினால் கரண்ட் ஓடி லைற் எரியும். இந்த வயரைக் கழட்டிவிட்டால் எஞ்சின் எரிஞ்சு போனாலும் லைற் எரியாது. வயரை உடம்பில முட்டவிட்டால் பச்சைத் தண்ணியிலயும் எரியும். கனகலிங்கத்தாருக்கு நான் அப்பிடி ஒரு சுவிச் வச்சுக் குடுத்தனான், ஸ்ரேறிங்குக்குக் கீழ. ஆரும் காரைக் கேட்டு வந்தால் அழுத்திறதுக்கு. தோட்டக்காட்டுச் சனம் சீற்றில ஏறுறதும் அவருக்குப் பிடிக்காது...”

பாலன் அத்தோடு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆறுதல் சொன்ன தன் வாயை இரஞ்சிதம் வெறுத்தாள். ஊற்றிய ஒவ்வொரு வாளியும் நெஞ்சில் வந்து விழுந்தது. ஊருக்குச் சொல்லலாம். சொன்னால் பாலன் சாட்சிக்கு வருவானா? கார்க்காரர்களை நம்பிப் பிழைக்கிறவன் வரமாட்டான். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கோயிலுக்கு நடந்து போய், அந்தக் காரை முடித்துத் தா தாயே என்று அம்மனிடம் கேட்டாள். ஆனி போனது, ஆடி போனது, ஒஸ்ரின் ஓடிக்கொண்டே இருந்தது. தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இரஞ்சிதத்துக்கு நிற்கப் பொறுமை இல்லை.

கனகலிங்கத்துக்கு ஒரு பழக்கம். லைற் எரிந்தால் தண்ணீர் விடுவார், எரியாவிட்டால் பொனற்றைத் திறக்கவே மாட்டார். றேடியேற்றரோ ஒழுகல். வயரைக் கழற்றிவிட்டு அரை வாளி ஊற்றினால் போதும், லைற் எரியாமலே எஞ்சின் இறுகிவிடும் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கார் வந்து நிற்க வேண்டியதுதான் பாக்கி.

ஆவணியில் ஒரு காலை வந்து நின்றது. பொனற்றின் இடுக்கால் ஆவி பறந்தது.

“லைற் எரியுது, கெதியா ஊத்து பிள்ளை” என்றார் கனகலிங்கம்.

அவள் பொனற்றைத் திறந்தாள். வயரைப் பிடித்து ஒரு இழுவை. கையோடு வந்தது. அதைக் குழாய்க்குப் பின்னால் செருகிவிட்டு வாளியைத் தூக்கியபோதுதான் பின் சீற்றில் இருந்து முனகல் கேட்டது. கனகலிங்கத்தின் மகள் ஜெயரூபி, நிறைமாதம், தாயின் மடியில் நெளிந்துகொண்டிருந்தாள்.

“உடையார்கட்டில இருந்து ஏத்திக்கொண்டு வாறன். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்” என்றார் அவர்.

இரஞ்சிதம் வாளியோடு நின்றாள். சுடலைமுத்தின் நீலம் பாரித்த கால் கண்ணுக்குள் வந்தது. ஊற்றாதே என்றது மனம். அவர் படட்டும், ஒருநாளாவது படட்டும். ஆனால் அந்தப் பெண் சுவிச்சை அழுத்தவில்லை. லைற் எஞ்சினைக் குளிர வைக்காது, தண்ணீர்தான் குளிர வைக்கும். வயர் இல்லாவிட்டாலும் தண்ணீர் நிறைந்தால் கார் போய்ச் சேரும்.

எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். வாய் தளும்பும் மட்டும் ஊற்றினாள். வயரை மட்டும் திரும்ப மாட்டவில்லை. கிளிநொச்சிக்குப் போக அந்தத் தண்ணீர் போதும். திரும்பி வரப் போதாது.

பொழுது சாய்கிற நேரம் கனகலிங்கம் தனியே நடந்து வந்தார். உடம்பெல்லாம் புழுதி.

“பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம்” என்றார். பிறகு குந்திக்கொண்டார். “கார் தருமபுரத்துக்குக் கிட்ட இறுகிப் போச்சு. லைற் எரியேல்லை, இரஞ்சிதம். ஒருக்காக்கூட எரியேல்லை.”

“எரியாதுங்கய்யா. வயர நாந்தான் புடுங்கினேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ர பிள்ளை உள்ளுக்க இருந்தவள்.”

“இருந்தாங்க. அதனாலதான் தளும்பத் தளும்ப ஊத்துனேன். பாம்பு கடிச்ச அன்னைக்கு நீங்க சுவிச்ச அழுத்துனப்ப எம் புருசன் வரப்புல கெடந்தாரு.”

சுவிச் என்ற சொல்லோடு அவருடைய முகம் வெளிறியது. தலையில் கை வைத்தபடி வேறெதையோ பேசினார்.

“கொழும்பில இருந்து ஒரு சாமானும் வராது. அந்த எஞ்சினைத் திருத்த ஏலாது. செத்தது செத்ததுதான்.”

“எம் புருசனுந்தாங்க” என்றாள் இரஞ்சிதம்.