தோளில் மண்வெட்டியோடு ஒரு காலை நடை

அண்ணன் துபாய்க்குப் போய்ச் சம்பாதிக்கத் தொடங்கியதும் அப்பா கூலிக்குப் போவதை நிறுத்திவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். சர்க்கரையும் வந்து கூடவே உட்கார்ந்துகொண்டது. டீச்சர் வேலைக்கு லீவு போட்டு நான்தான் தஞ்சாவூர் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் மாத்திரையோடு இன்னொன்றும் எழுதிக் கொடுத்தார்: தினமும் காலையில் வயல்வெளியில் நடக்க வேண்டும்.

"பச்சையைப் பாருங்க, நல்ல காத்தை இழுத்து விடுங்க. நடக்கலேன்னா கால் போயிடும், சொல்லிட்டேன்."

காலமெல்லாம் அந்தப் பச்சைக்குள் குனிந்து கிடந்த மனுஷனை அதைப் பார்க்கச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்பா பயந்துபோய்த் தலையாட்டினார்.

எங்கள் ஊரில் வெறுங்கையோடு யாரும் வரப்பில் நடப்பதில்லை. அதுவும் ஒரு குழி நிலம் இல்லாதவர்! முதல் நாளே பண்ணைக்காரர் பிடித்துக்கொண்டார்.

"என்னடா, மவன் துபாய் போனதும் தொரை ஆயிட்டியா? காத்து வாங்குறியோ?"

அப்பா கூனிக் குறுகி வீடு திரும்பினார். மறுநாளிலிருந்து தோளில் மண்வெட்டி ஏறியது. "கையில வேலை இருக்கிற மாதிரி தெரிஞ்சா யாரும் கேக்க மாட்டாங்க, ஆயி" என்றார் என்னிடம்.

அந்த வருடம் மேட்டூர்த் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வந்து சேர்ந்ததே பெரும்பாடு. முறை வைத்துத்தான் பாய்ச்சினார்கள். ஒரு காலையில் பண்ணைக்காரரின் வரப்பு உடைந்து, தேக்கிய தண்ணீர் முழுக்க வடிந்து போயிருந்தது. எதிரே மண்வெட்டியோடு அப்பா. வேறென்ன சாட்சி வேண்டும்?

"அடுத்தவன் வயலுக்குத் தண்ணி வெட்டிவிடவாடா தினம் வந்தே, நாயே?"

பண்ணைக்காரர் தள்ளிய வேகத்தில் தோளிலிருந்த மண்வெட்டி அப்பாவின் பாதத்திலேயே இறங்கியது. சர்க்கரைக்காரர் புண் ஆறுமா? புரையோடிப்போய், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பண்ணைக்காரர் ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "நண்டு வளை போட்டுத்தான் வரப்பு உடைஞ்சிருக்கு. அவசரப்பட்டுட்டோம்." அந்தப் பழத்தை அவர் மூஞ்சியிலேயே விட்டெறியலாம் போலிருந்தது எனக்கு. அப்பா முந்திக்கொண்டார்: "பரவாயில்லைங்க, ஐயா."

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "உள்ளேயே அடைச்சு வைக்காதீங்கம்மா. வயலோரமா நாற்காலி போட்டு உட்கார வைங்க. பச்சையைப் பார்த்தா மனசு தேறும்."

அப்பா என் கையை இழுத்து, டாக்டருக்குக் கேட்காதபடி கேட்டார்:

"நாற்காலியில உட்கார்ந்திருந்தா தண்ணி வெட்ட வந்தவன்னு சொல்ல மாட்டாங்கல்ல, ஆயி?"