முதல் லேனைக் காப்பாற்றியவர்

பதினொரு வருடத்துக்கு முன் சிவப்பு ரப்பர் ஓடுபாதை போட்ட அன்றிலிருந்து அந்த மைதானத்தின் சாவி அங்கே காவலாளியான இவரிடம்தான் இருக்கிறது. பெயரைச் சொன்னால் அந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. "விசில்" என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும்.

விடியற்காலையில் கதவைத் திறப்பார். ஏழு மணிவரை மைதானம் நடப்பவர்களுடையது. சர்க்கரைக்காரர்கள், முட்டி வலிக்காரர்கள், மகன் வாங்கித் தந்த புது ஷூவை நாலு பேருக்குக் காட்ட வந்தவர்கள். எட்டு லேன் இருந்தும் எல்லோரும் நடப்பது உள்வட்டத்து முதல் லேனில்தான். அங்கேதான் சுற்று சின்னது. வெளியே தள்ளி நடக்கச் சொல்லி விசில் ஊதியதில் வாய் வலித்ததுதான் மிச்சம். மூச்சுப் பயிற்சி எங்களுக்கா உங்களுக்கா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பிறகு பெருக்கும்போது துடைப்பத்தில் சிவப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். பாதை தேய்கிறது. இவருக்கு வயிறு எரியும்.

அந்த எரிச்சலில்தான், நாலு மாதம் முன்பு பார்வையிட வந்த விளையாட்டு அதிகாரியிடம் வாயை விட்டார். நடப்பவர்களால் முதல் லேன் பாழாகிறது சார் என்றார். ஒரு கயிறு கட்டி அவர்களை வெளி லேன்களுக்கு மாற்றிவிடலாம் என்பது இவர் மனதில் இருந்த யோசனை. பேச்சு கயிறுவரை போகவில்லை. அதிகாரிக்குப் போன் வந்துவிட்டது. அடுத்த வாரம் உத்தரவு வந்தது: புதிய தேசிய விளையாட்டுக் கொள்கைப்படி மைதானம் பதக்கத்துக்குத் தயாராகும் வீரர்களுக்கு மட்டும். அதே கொள்கையின் இன்னொரு பகுதி பேனராக வந்து, பூட்டிய கதவின் மேல் தொங்கியது: தினமும் அரை மணி நேரம் நடப்போம். வார நாட்களில் பயிற்சிக்கு வரும் வீரர்கள் ஏழெட்டுப் பேர்.

நடப்பவர்கள் அதிகாரியைத் திட்டித் தீர்த்தார்கள். விசிலை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாவம், அவர் என்ன செய்வார் என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவரும் குடித்தார். கூடச் சேர்ந்து திட்டவும் செய்தார்.

அவருடைய அண்ணி தையல்காரர். சர்க்கரை உள்ளவர், நடந்தே ஆக வேண்டும் என்பது டாக்டர் பேச்சு. மைதானம் மூடியதும் லாரி போகிற ரோட்டோரம் நடந்தார். மூன்று வாரம் முன்பு ஒரு ஹாரனுக்கு ஒதுங்கியவர், மூடாத கால்வாயில் விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்தது. மெஷின் போர்வை போர்த்திக்கொண்டு மூலையில் கிடக்கிறது.

கட்டுப்போட்ட கையோடு அண்ணிதான் ஆட்களைத் திரட்டினார். திங்கட்கிழமை எல்லோரும் அதிகாரியைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. உள்ளே வேலை பார்ப்பவன் சொன்னால் எடுபடும், நீயும் வா என்று விசிலையும் கூப்பிட்டார். சரி என்று தலையாட்டியவருக்கு வீடு திரும்பும்போதுதான் உறைத்தது: புகார் சொன்னதே உங்கள் ஆள்தானே என்று அதிகாரி எல்லோர் முன்னாலும் கேட்டால்? காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா என்று முதலில் யோசித்தார். இருமிக்கூடப் பார்த்தார்.

ஞாயிறு மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணி இடது கையால் துணி வெட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் கத்தரிக்கோலை வாங்கி சாக்பீஸ் கோட்டின் மேல் வெட்ட ஆரம்பித்தார். துணியைப் பார்த்தபடியே சொன்னார்.

"அண்ணி, அந்த அதிகாரிகிட்ட மொதல்ல சொன்னது நான்தான்."

"என் கை ஒடிஞ்சதையா?"

"இல்ல. நீங்க எல்லாரும் நடந்து லேன் தேயுதுன்னு. அதுக்கப்புறம்தான் பூட்டச் சொன்னாங்க."

உள்ளே அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"நாலு மாசமா எங்களோட சேந்து அவரத் திட்டினியே தம்பி," என்றார் அண்ணி. "என்னைவிட நல்லாவே திட்டினே."

கயிறு கட்டத்தான் சொல்ல நினைத்தேன் என்றார் விசில். அவர் காதுக்கே அது சாக்காகத்தான் கேட்டது. அண்ணி கத்தரிக்கோலைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"போதும், கோணலாப் போகுது. கயிறப் பத்தி என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? நாளைக்கு அங்க வந்து சொல்லு. எல்லார் முன்னாடியும் சொல்லு."

மன்னித்தாரா என்று இவருக்குத் தெரியவில்லை. சாப்பிட்டுப் போ என்று அன்று சொல்லவில்லை.

விடுப்பு கேட்க வேண்டியதும் அதே அதிகாரியிடம்தான். போனில் அவர் காரணம் கேட்டார். சொந்த வேலை என்று சொல்லி இவர் அரை நாள் வாங்கியிருக்கிறார். திங்கட்கிழமை பத்தரை மணிக்கு நடப்பவர்கள் அதிகாரி அறைக்குப் போகிறார்கள். விசிலும் போகிறார்.