வராதவர்களின் கொப்பிகள்

மருத்துவர்களுக்கான தொடர் பயிற்சி என்று கடிதம் வந்தாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். ஒரு நாள் உட்கார்ந்து கேட்டால் இத்தனை புள்ளி, புள்ளிகள் சேர்ந்தால் ஒரு சான்றிதழ். பதினெட்டு வருட வேலையில் அப்படி ஒரு கோப்பு நிறையச் சேர்ந்துவிட்டது. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அதை வாங்கிய நாளில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை நான் சொல்லாமல் விட்டேன். அதனால் ஒரு பெண்ணுடைய வலது கையும் காலும் போயின. போட்டு உடைத்துச் சொல்வதுதான் என் வழக்கம். சுற்றி வளைத்தால் எனக்கே எரிச்சல் வரும்.

நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி இரத்தோட்டையிலிருந்து மலைப் பக்கமாக ஏறும் பாதையில் இருக்கிறது. சின்ன இடம். நான், தோட்டத்து ஆட்கள் மிஸி என்று கூப்பிடும் இரண்டு தாதிமார், மருந்து கொடுப்பவர் ஒருவர், இன்னும் சிலர். செவ்வாய்க்கிழமை கிளினிக். பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்கள் மாதம் ஒரு தடவை நேரில் வர வேண்டும். தாதி பிரஷர் பார்ப்பார், நான் அவர்களைப் பார்ப்பேன், பிறகு ஒரு மாத மருந்து. எல்லாம் அவரவர் கிளினிக் கொப்பியில் எழுதப்படும். சட்டம் அப்படி.

நடப்பது வேறு. செவ்வாய்க்கிழமை தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகாவிட்டால் தோட்டத்தில் அன்றைய பேர் விழாது. பேர் விழாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அதனால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாராவது ஒருவர் எல்லாருடைய கொப்பிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் இறங்கி வருவார். எங்களிடம் அப்படி வந்தவர் வேலையை விட்டு நின்ற ஓர் அம்மா. நாங்கள் அவரைக் கொப்பியம்மா என்றே கூப்பிட்டோம். என் மேசையில் கொப்பிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துத் தருவார்.

"இவங்களுக்கு இப்ப தலை சுத்தல் இல்லைங்க டொக்டரம்மா. இவங்களுக்குக் கால் வீங்குது. இந்தா, இவங்க மாத்திரைய ஒழுங்கா குடிக்கிறதில்ல, கொஞ்சம் ஏசி எழுதுங்க."

நான் எழுதுவேன். பிரஷர் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விடுவேன். மருந்து கொடுப்பவர் அதைக் கண்டும் காணாமல் மருந்தைக் கொடுப்பார். ஆளைப் பார்க்காமல் மருந்து எழுதக் கூடாது என்று சுற்றறிக்கை இருந்தது. அது எங்கள் அறைச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. அதன் கீழே இருந்துதான் நான் எழுதினேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் எழுதாவிட்டால் அந்தப் பெண்கள் மருந்தில்லாமல் மலையேறி இறங்குவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பிறகுதான் அந்தப் பயிற்சி. மாத்தளை டவுனில் ஒரு மண்டபம். சின்ன ஆஸ்பத்திரிகளுக்குக் கணினி வரப்போகிறது, கிளினிக் முழுக்க இனி கணினியில், அதற்கான மென்பொருளைச் செய்பவர்களோடு ஒரு நாள் உட்கார வேண்டும் என்றார்கள். மருத்துவர்களுக்கு அதற்கும் புள்ளி உண்டு. எங்களில் மூன்று பேர் போனோம்: நான், மூத்த தாதி, மருந்து கொடுப்பவர்.

நடத்தியவள் கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண் பொறியியலாளர். முப்பது வயதிருக்கும். சிங்களத்தில்தான் பேசினாள், நிதானமாக. நான் தூங்குவதற்குத் தயாராகப் பின்வரிசையில் இருந்தேன், ஆனால் அவள் தூங்க விடவில்லை. ஒரே ஆஸ்பத்திரிதான், ஆனால் தாதி நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஒரு மாதிரி, மருத்துவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி என்றாள். ஆகவே ஒவ்வொருவரும் மற்றவரைக் கேட்காமல், தான் பார்க்கிற கிளினிக்கைப் படமாக வரைய வேண்டும். யார் வருகிறார், என்ன கொண்டு வருகிறார், அடுத்து எங்கே போகிறார். பிறகு படங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பாளாம். எங்கே பொருந்தவில்லையோ அங்கேதான் மென்பொருள் பிழை விடும் என்றாள். எனக்கு அது பிடித்துப் போனது. இத்தனை வருடத்தில் ஒரு பயிற்சியில் எனக்குப் பிடித்த முதல் விஷயம் அது என்றுகூடச் சொல்லலாம்.

ஆளுக்கொரு மேசை, பெரிய தாள், கலர் பேனா. நான் வரைந்தேன். நோயாளி வருகிறார், இலக்கம் எடுக்கிறார், பிரஷர் பார்க்கிறார்கள், என்னிடம் வருகிறார், மருந்து வாங்குகிறார், போகிறார். கொப்பியம்மாவை வரைய ஒரு தடவை பேனாவைத் தூக்கினேன். முன்வரிசையில் எங்கள் மேலதிகாரி பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையில் இருப்பது அவருடைய கையொப்பம். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அவள் எங்கள் மூவரின் தாள்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூன்றும் அப்படியே பொருந்தின.

"இப்படி நான் பார்த்ததே இல்லை. மூன்று பேர் ஒரே மாதிரி வரைந்தால் எனக்குப் பயமாக இருக்கும். வேறு ஒன்றும் இல்லையா? யாராவது வராமல் விட்டால் என்ன நடக்கும்?" என்று கேட்டாள்.

மூத்த தாதி என்னைப் பார்த்தார். நான் மருந்து கொடுப்பவரைப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"வராவிட்டால் அடுத்த கிளினிக்குக்கு வருவார்கள்" என்றேன். சிங்களத்தில், நல்ல சுத்தமான சிங்களத்தில் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோழிக்கறி. சாயந்தரம் சான்றிதழ் தந்தார்கள்.

சில மாதங்களில் கணினி வந்தது. நன்றாகத்தான் வேலை செய்தது, அதில் குறை சொல்ல முடியாது. தாதி பிரஷரைப் பதிந்தால்தான் என் திரையில் அந்தப் பெயர் வரும். நான் மருந்தைப் பதிந்தால்தான் மருந்து கொடுப்பவருக்குப் போகும். திரையில் இல்லாத மருந்தை அவரால் எடுத்துக் கொடுக்க முடியாது, கணக்கு இடிக்கும். நாங்கள் வரைந்த படத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்திருந்தார்கள்.

முதல் செவ்வாய்க்கிழமை கொப்பியம்மா ஆறு கொப்பிகளோடு வந்தார். தாதி அவரை என் அறைக்கு அனுப்பிவிட்டார்.

"இது என்னங்க டொக்டரம்மா, மிஸி ஆளு வந்தாதான்னு சொல்றாங்க?"

"ஆமாம்மா. இனி ஆள் வரணும். கம்பியூட்டர்ல பிரஷர் போடாம மருந்து எழுத முடியாது."

"நீங்க சும்மா ஒரு நம்பரப் போட்டு விடுங்களேன். போன மாசம் இருந்தத."

போட்டிருக்கலாம். வெற்று இடம் விட்டுப் பழகிய எனக்கு, பொய் இலக்கம் போட அன்றைக்கு மனம் வரவில்லை. எனக்கு நேர்மை வந்து தொலைத்த நாள் அது. வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள், கணினி புதிது, எனக்குத் தலையிடி. எல்லாரையும் நேரில் வரச் சொல்லுங்கள் என்று அவரை அனுப்பிவிட்டேன். அவர் கொப்பிகளைத் திரும்பப் பைக்குள் வைத்தார். கோபப்படவில்லை. "கொழுந்து நிறைய இருக்கிற நேரம்ங்க, சொல்லிப் பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து பேர் அடுத்தடுத்த வாரங்களில் லீவு போட்டு வந்தார்கள். ஒரு பெண் வரவில்லை. நாற்பத்தைந்து வயது, பிரஷர் கூடிய பெண். வீட்டில் மருந்து முடிந்துவிட்டது, அடுத்த மாதக் கிளினிக்குக்கு வருகிறேன் என்று கொப்பியம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அதாவது மண்டபத்தில் நான் சொன்னதையே அவரும் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கிளினிக்குக்கு நாலு நாள் முன்னால் தோட்டத்து லொறியில் அவரைக் கொண்டுவந்தார்கள். மலையில் நின்றபடியே விழுந்தாராம். கூடை முதுகிலேயே இருந்ததாம். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, வலது கையைத் தூக்கச் சொன்னால் இடது கையைத் தூக்கினார். பாரிசவாதம். பிரஷரைப் பார்த்தேன், பதிந்தேன். அம்புலன்ஸில் ஏற்றி மாத்தளைக்கு அனுப்பினேன். செய்ய வேண்டியதை எல்லாம் வரிசையாகச் செய்தேன். எல்லாம் இருபது நிமிடத்துக்குள் முடிந்தது.

அழுகை வரவில்லை. குற்ற உணர்ச்சி என்று புத்தகங்களில் எழுதுகிறார்களே, அதுவும் வரவில்லை. மத்தியானம் சோறு சாப்பிட்டேன். வீட்டுக்குப் போனதும் அந்த மாதத்துத் தொடர் பயிற்சியை இணையத்தில் முடித்தேன். நீண்ட கால நோயாளிகள் மருந்தை இடையில் நிறுத்துவது ஏன் என்பதுதான் பாடம். கடைசியில் பத்துக் கேள்விகள், நாலு நாலு விடைகள். பத்தும் சரி. மறதி, பயம், அறியாமை என்றெல்லாம் விடைகள் இருந்தன. டொக்டர் கொடுக்கவில்லை என்று ஒரு விடையும் இல்லை. அதைப் பார்த்தபோதுகூட எனக்குள் எல்லாம் சப்பென்றுதான் இருந்தது. பல் பிடுங்கிய பின் மரத்துப்போன கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல என்னையே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பொறியியலாளர் எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தாள். கையில் கணினியிலிருந்து எடுத்த தாள்கள். கிளினிக்கில் பெயர் உள்ளவர்களில் பலரைக் காணவில்லை, எங்கே போய்விட்டார்கள் என்று கேட்டாள். அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

நான் சொன்னேன். கொப்பியம்மாவைச் சொன்னேன், வெற்று இடங்களைச் சொன்னேன், லொறியில் வந்த பெண்ணைச் சொன்னேன். தாதியும் மருந்து கொடுப்பவரும் பக்கத்தில் நின்று கேட்டார்கள்.

"அன்றைக்கு மண்டபத்தில் இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் தாள்களை மேசையில் வைத்தாள். "நான் கேட்டேனே" என்றாள். அவ்வளவுதான். அவள் ஏசியிருந்தால் நானும் ஏதாவது பூசி மெழுகியிருப்பேன். அதற்கு அவள் வழி தரவில்லை. பிறகு, இதையெல்லாம் எழுத வேண்டும், யார் சொன்னது என்றும் எழுத வேண்டும் என்றாள். டொக்டர் சொன்னது என்று போடச் சொன்னேன். துணிச்சலால் அல்ல. பயப்படுவதற்குக்கூட என்னிடம் அப்போது எதுவும் மிச்சமில்லை.

மேலதிகாரி கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். விளக்கம் கேட்டுக் கடிதம் தருவார் என்று நினைத்துப் போயிருந்தேன்.

"நானும் இளம் வயதில் தோட்டப் பக்கம் வேலை செய்தேன்" என்றார் சிங்களத்தில். "அங்கேயும் பையில்தான் கொப்பி வரும். நானும் எழுதினேன்."

"சேர், உங்களுக்குத் தெரியுமென்றால் அன்றைக்கே நீங்கள் சொல்லியிருக்கலாமே."

"என் கையொப்பம் சுவரில் இருக்கும்போதா?" என்றார்.

வேலைக்குப் போகிறவர்களுக்காக வேறொருவர் மருந்து வாங்கலாம் என்று எழுதினால் மேலிடத்தில் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் ஏதாவது செய்யப் பார்க்கிறேன் என்றார். செய்தும் இருக்கிறார். அந்த வருடக் கடைசியில் மென்பொருளில் புதிதாக ஒரு கட்டம் வந்தது: நோயாளிக்குப் பதிலாக வந்தவர். அதைத் தொட்டால் பிரஷர் கேட்காமல் மருந்துப் பக்கத்துக்குப் போகலாம். ஆனால் காரணம் பதிய வேண்டும். அனுமதித்த காரணம் ஒன்றே ஒன்றுதான்: எழுந்து நடமாட முடியாதவர்.

கட்டம் வந்த பிறகு அதைத் தேடி வந்த முதல் ஆள், அந்த நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் கணவர். கழுவித் தேய்த்த சட்டை போட்டிருந்தார். மனைவியின் கொப்பியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இனி அவள தூக்கிட்டு வரத் தேவையில்லையாம், நான் வந்தா போதும்னு மிஸி சொன்னாங்க. உண்மைதானுங்களா டொக்டரம்மா?"

"உண்மைதாங்க. நீங்க வந்தா போதும்."

"பெரிய உதவிங்க" என்று என்னைக் கும்பிட்டார்.

காரணத்தைப் பதிந்தேன். ஒரு மாத மருந்து திரையில் போனது. அடுத்த இலக்கத்தைக் கூப்பிடச் சொன்னேன்.