பொட்டு வைக்காத ஆறு நோட்டுகள்

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் பொட்டு வைக்காத பொருள் கிடையாது. தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி, அரிவாள்மனை, டார்ச் லைட், பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிள் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவேன். குன்னூர்ப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் இலை வாட்டும் இடத்தில் முப்பது வருசம் வேலை பார்த்தவன் நான். அங்கே மிஷினுக்குப் பொட்டு வைப்பதும் நான்தான். அப்படிப்பட்டவன் ஒரு வருசம், என் மகளின் ஆறு நோட்டுகளை மட்டும் சாமி முன்னால் வைக்காமல் விட்டேன்.

அவள் கோயமுத்தூரில் இங்கிலீஷ் எம்.ஏ. முடித்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தாள். ஆயிரம் வருசத்துக்கு முன்னால் ஜெர்மானிய ஜனங்கள் பாடிவைத்த கதைகள் இருக்கின்றனவாம். இந்தக் காலத்தில் மாயம், மந்திரம், பறக்கும் பாம்பு என்று கற்பனையாக எழுதுகிற பெரிய பெரிய நாவல்களுக்கு அங்கிருந்துதான் சரக்கு வருகிறதாம். எது எங்கேயிருந்து வந்தது என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். எட்டாவது படித்த எனக்கு அவ்வளவுதான் விளங்கியது.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினால் நேராக அடுப்பு முன்னால்தான் உட்காருவாள். அந்த வாரம் படித்ததைச் சொல்வாள். அவள் அம்மா பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்பாள். ஒரு பாம்பு தங்கப் புதையல் மேல் படுத்துக்கொண்டு, தானும் அனுபவிக்காமல் அடுத்தவருக்கும் தராமல் காவல் காக்கிறது என்று மகள் சொன்னபோது, "அது பாம்பில்ல கண்ணு, உங்க பெரியப்பா" என்றாள் அம்மா. எங்கள் அண்ணனைத்தான் சொன்னாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மகள் சிரித்தபடியே நோட்டில் என்னமோ குறித்துக்கொண்டாள்.

அந்த வருசம் என் மனைவிக்கு இதயத்தில் வால்வு சுருங்கிவிட்டது, ஆபரேசன் செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பூஜை முடிந்து பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நான் ஒரு வேளைச் சாப்பாட்டோடு மாரியம்மனுக்கு விரதம் இருந்தேன். பூஜைக்கு முந்தின சனிக்கிழமை மகள் புதுக் கதை ஒன்றை எடுத்தாள். அந்த ஜனங்களுடைய சாமிகள் கடைசியில் ஒரு பெரிய சண்டையில் செத்துப்போவார்களாம்.

"சாமி சாகுமா? உங்கம்மா இப்படி இருக்கறப்ப இந்த ஊட்டுல அந்தப் பேச்சு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்த் தூறலில் நின்றுகொண்டேன். உள்ளே அவர்கள் பேசும் சத்தம் வந்தது. என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை.

பூஜையன்று காலையில் பஞ்சாங்கம், பாட்டுப் புத்தகம், மகளின் பழைய அட்லஸ் எல்லாவற்றையும் அம்மன் படத்துக்கு முன்னால் அடுக்கினேன். அந்த ஆறு நோட்டுகளையும் கையில் எடுத்தேன். சாமி செத்த கதையைச் சாமி முன்னால் எப்படி வைப்பது? கட்டில்மேல் வைத்துவிட்டேன்.

கற்பூரம் ஏற்றப்போகும் நேரத்தில் என் மனைவி கேட்டாள். "ஏனுங்க, புள்ளையோட நோட்டெல்லாம் எங்கீங்க?"

அவளுக்கு எழுதுகிற வேலை இருக்கிறதாம் என்றேன். கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொன்னேன்.

மகள் கட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "ஆமாங்கம்மா, நாந்தான் வெக்க வேண்டாம்னேன்" என்றாள்.

சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொடாமல் வளர்ந்த பெண், அன்றைக்கு அம்மா பார்க்கும்படி நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் பொய்யைக் காப்பாற்றத்தான். ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை.

ஆபரேசன் நடந்து நாலாம் நாள் என் மனைவி போய்விட்டாள். அம்மன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டேன், கொடுக்கவில்லை. இன்றைக்கும் விளக்கேற்றித்தான் காபி குடிக்கிறேன். மகள் அதற்குப் பிறகும் சனிக்கிழமை வந்தாள். சமைத்தாள், துவைத்துப் போட்டாள். கதை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வருசம் ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஒரு ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுடைய பேராசிரியர், முடிக்கச் சொல்லுங்கள் என்று எனக்கே ஒரு கடுதாசி எழுதினார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எந்த வாயால் சொல்வது? கல்யாணமாகித் திருப்பூர் போனபோது நோட்டுகளை இங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

ரிட்டையராகி எஸ்டேட் வீட்டைக் காலி செய்யும்போதுதான் அவற்றைப் பிரித்தேன். பக்கம் பூராவும் இங்கிலீஷ். ஓரத்தில் மட்டும் அங்கங்கே பென்சிலில் தமிழ். "அம்மா: அது பாம்பில்ல, பெரியப்பா." இப்படி என் மனைவி பேசினது ஒவ்வொன்றும் இருந்தது. கடைசி நோட்டில், நான் எழுந்து போன சனிக்கிழமையும் இருந்தது.

"தோத்துச் செத்துப்போவோம்னு அந்தச் சாமிகளுக்கு முன்னாடியே தெரியும், தெரிஞ்சும் சண்டைக்குப் போனாங்கன்னு சொன்னேன். அம்மா: தெரிஞ்சுமா போனாங்க? பாவம், அப்ப அதுகளும் நல்ல சாமிகதான்."

அந்தப் பக்கத்தை மூடாமல் வெகுநேரம் வைத்திருந்தேன்.

இந்த வருசம் பூஜைக்கு ஆறு நோட்டுக்கும் பொட்டு வைத்தேன். மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அன்னைக்குப் பாதியில எந்திரிச்சுட்டேன் கண்ணு. மீதிக் கதையச் சொல்லு" என்றேன்.

"எனக்கே மறந்துபோச்சுங்கப்பா. நோட்டப் பாத்தாத்தான் தெரியும்" என்றாள்.

கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும் என்றாள். பிறகு, அங்கே குளிர் ஜாஸ்தியா, மாத்திரை போட்டீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனை வைத்தாள்.