பூதங்கள் கேட்கக் கூடாத சொல்

எங்கள் வயல்வட்டைக்கு மேற்கே இருக்கும் குளக்கட்டைப் பூதங்கள்தான் கட்டின என்பது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எல்லோருக்கும் தெரியும். வேலை முடிந்ததும் அவை வயற்சொந்தக்காரர் போடியாரின் களவெட்டிக்கு வந்து சோறு கேட்டன. நெல் மலையாகக் குவிந்து கிடந்தது. போடியார் “இல்லை” என்றார். அன்றிலிருந்து, மாடு விட்டு நெற்சூடு மிதிக்கிற எந்தக் களவெட்டியிலும் யார் வாயிலாவது அந்தச் சொல் வந்தால், உள்ளதையெல்லாம் பூதங்கள் கொண்டுபோய்விடும். குளக்கட்டு இன்னும் இருக்கிறது, ஆகவே கதையும் உண்மை என்பது எங்கள் ஊர் வாதம்.

அதனால் களத்தில் அந்தச் சொல் கிடையாது. வெற்றிலை தீர்ந்தால் “வெத்திலை நிறைய இருக்கு” என்பார் அப்பா. யாராவது எழுந்து வாடிக் குடிசைக்குப் போய் எடுத்து வருவார்கள். மற்ற விஷயங்களில் அப்பா கடுமையானவர் அல்ல. ஆனால் வேலைக்கு வந்த ஒருவர் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டபோது, மண்ணைத் தொட்டுக் கும்பிடும்வரை அவரை விடவில்லை.

எனக்கு அப்போது ஏழு வயது. அதற்கு முந்தைய இரண்டு போகமும் சண்டையில் விதைக்க முடியாமல் போயிருந்தன. அந்தப் போகத்துக்கு ஆட்கள் குறைவு என்பதால், அம்மாவின் தம்பி வாவிக்கு அக்கரையான எழுவான்கரையிலிருந்து தோணியில் வந்திருந்தார். சின்ன மாமாவுக்கு வயது பத்தொன்பது. அவர் எந்த இயக்கத்திலும் இல்லை. அந்த நாட்களில் ஆமி பிடித்துக்கொண்டு போவதற்கு வயது மட்டும் போதுமாயிருந்தது. அங்கே நடந்த சுற்றிவளைப்புகளுக்குப் பயந்துதான் வாவியைக் கடந்தார். இக்கரையிலும் சுற்றிவளைப்பு இருந்தது.

களத்தைச் சுற்றி மாடுகளைச் சாய்த்துக்கொண்டே என்னை மாட்டிவிடப் பார்ப்பது அவருடைய பொழுதுபோக்கு.

“என்னகா மருமகளே, உன்ட முன்பல்லு இருக்கா?”

பல் விழுந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. “இருக்கு” என்றேன்.

“மூளை?”

“நிறைய இருக்கு!”

“கெட்டிக்காரி. பூதம் ஏமாந்து போச்சு” என்று மாட்டின் முதுகில் தட்டினார். அப்பாகூடச் சிரித்தார்.

சூடு மிதிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் மத்தியானம், குளக்கட்டில் காவலுக்கு நின்ற ஒருவர் ஓடிவந்தார். “ஆமி வாறான்!” சின்ன மாமா வைக்கோல் குவியலுக்குள் நுழைந்தார். அப்பா மேலே இன்னும் இரண்டு அணை வைக்கோலைப் போட்டுவிட்டு, மாட்டுக் கயிற்றைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

ஆறு பேர் வந்தார்கள். சப்பாத்திலிருந்து முழங்கால்வரை சேறு. வெகுதூரம் நடந்த களைப்பு முகங்களில் தெரிந்தது. கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒருவன் கேட்டான்.

“வேற ஆக்கள் இருக்கா?”

“இல்ல மாத்தயா” என்றார் அப்பா. “ஒருத்தரும் இல்ல.”

இரண்டு தரம் சொன்னார். களத்தின் நடுவில் நின்று, உரக்கச் சொன்னார். எங்கள் நெல் முழுவதும் அங்கேதான் கிடந்தது. அப்பா பயத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பூதங்கள் வந்துசேர்வதற்குள் யாராவது அந்தச் சொல்லை அழிக்க வேண்டும். குளக்கட்டைப் பார்த்துக் கத்தினேன்.

“இருக்கு! நிறைய இருக்கு!”

தமிழ் தெரிந்தவன் என் பக்கம் திரும்பினான். குனிந்து, அதட்டாமல் கேட்டான். “எங்க?”

நான் எதையும் காட்டவில்லை. காட்டத் தேவையும் இருக்கவில்லை. அவர்கள் துவக்கு முனையால் வைக்கோலைக் குத்திக் கிளறத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் சின்ன மாமா தானாகவே எழுந்து கைகளை உயர்த்தினார். தலையெல்லாம் வைக்கோல். என்னைக் கடக்கும்போது “அழாதகா” என்றார். நான் அழவில்லை.

அவர் திரும்பி வரவேயில்லை. அம்மா பல வருடங்கள் முகாம் வாசல்களில் நின்றார். கேட்டவர்களுக்கெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். அதெல்லாம் பிறகு.

அன்று பின்னேரம் நாங்கள் வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலில் நின்றார். அப்பா என் தோளில் கையை வைத்துக்கொண்டே சொன்னார்.

“அவன்ட செருப்பு வைக்கலுக்குப் பக்கத்தில கிடந்திருக்கு. அதைக் கண்டுதான் புடிச்சவங்கள்.”

அம்மா அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஓம். அவன் எப்பவும் கண்ட இடத்தில செருப்பக் கழட்டிப் போடுறவன்தான்” என்றார்.

களவெட்டிக்கு நாங்கள் யாரும் செருப்போடு போவதில்லை. சின்ன மாமாவின் செருப்பு அப்போது அம்மாவின் காலடியில், வாசலில், காலையில் அவர் கழற்றிவிட்ட இடத்திலேயே கிடந்தது. அப்பா பிழையாகச் சொல்கிறாரே, சொல்லிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அன்று ஏற்கெனவே ஒருதரம் அவரைத் திருத்திவிட்டேன் என்பதால் பேசாமல் நின்றேன்.