கண் தெரியாமல் அடித்த பாஸ்வேர்டு

மதியம் இரண்டு மணிக்கு என் மனைவிக்கு மேனாம்பேட்டில் ஒரு பள்ளியில் இன்டர்வியூ. மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். அதற்கான நான்கு பக்கப் பாடக் குறிப்பைக் காலையிலிருந்து, நான் திறந்து கொடுத்த என் லேப்டாப்பில் அடித்துக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்குத் திரை அப்படியே உறைந்துவிட்டது. ஒரு தடவைகூட சேவ் செய்யவில்லை.

"ஆஃப் பண்ணிடாதே, எல்லாம் போயிடும்" என்று பெரிய மனுஷன் மாதிரி உட்கார்ந்தேன். அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டவன் நான்; அதைப் பீற்றிக்கொள்ளாத நாளில்லை. மெமரியை விழுங்கியிருந்தது நான் திறந்து வைத்து மறந்துபோன பிரவுசர். மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் வரும் கறுப்புத் திரைக்குப் போகலாம். அங்கே லாகின் செய்து பிரவுசரை மட்டும் நிறுத்தினால் பாடம் பிழைத்துவிடும்.

அழுத்தினேன். எழுத்து வரவில்லை. பச்சையும் ஊதாவுமாகச் சாய்ந்த கோடுகள் வந்தன.

"இன்னாங்க இது, மழையில நனைஞ்ச கோலம் மாதிரி கீது?"

அடிப்பது உள்ளே போகும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் நான் இரண்டு விரலால் கொத்துகிறவன். மூன்று முறை முயன்றேன், எங்கே தப்பு என்றே புரியவில்லை.

"நகருங்க. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவ நானு. பேப்பரத் தவிர வேற எதப் பாத்தாலும் பாடில கீற இன்ஸ்டிடியூட் மேடம் கைல ஸ்கேலால போடுவாங்க. நீங்க சொல்லிகினே வாங்க."

லாகின் பெயரைச் சொன்னேன், அடித்தாள். அடுத்தது பாஸ்வேர்டு. வேறு வழியில்லாமல் ஒவ்வோர் இங்கிலீஷ் எழுத்தாகச் சொன்னேன். கடைசி எழுத்தில் அவள் விரல் நின்றது.

"'பொண்டாட்டி பாஸ்'னு கீது. நான்தான் பாஸா?"

"சும்மா போட்டது" என்று முனகினேன்.

"சரி பாஸ். அப்பால இன்னா?"

பிரவுசரை நிறுத்தும் வரியைச் சொன்னேன். பிறகு பழைய திரைக்குத் திரும்பும் பொத்தான்களை. நான்கு பக்கமும் ஓர் எழுத்துக் குறையாமல் இருந்தன. சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் டைப் அடிப்பதை நான் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

வேலை கிடைத்துவிட்டது. லேப்டாப் இப்போது அவளோடு பள்ளிக்குப் போய் வருகிறது. அந்தக் கோடுகள் கிராபிக்ஸ் டிரைவரின் கோளாறு; லேப்டாப் கிளம்பும்போது படிக்கும் பூட் வரியில் ஒரு சொல்லைச் சேர்த்துப் போன வாரம்தான் சரிசெய்தேன். அதற்கு அவள் மாற்றி வைத்திருக்கும் புதுப் பாஸ்வேர்டை அவளே அடித்தாள், என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு.