தென்னையடியில் நான் கொட்டிய ஒயின்

எங்கள் தம்பி மறைந்து ஓராண்டு ஆகிறது. அவர் என்னைவிட ஏழு வயது இளையவர். இருந்தாலும் இந்த நினைவு மலரில் மரியாதையோடுதான் எழுதுகிறேன். உயிரோடிருந்தபோது அதை நான் செய்யவில்லை.

ஆலங்குடிக்குப் பக்கத்தில், கடலைக் கொல்லையை நம்பியிருந்த குடும்பத்தில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். நான் படித்து ஆசிரியராவதற்காக அவர் பத்தாம் வகுப்போடு நின்று கொல்லையில் இறங்கினார். பிறகு துபாயில் ஓட்டல் வேலை. அங்கே தங்க வந்த ஸ்பெயின் நாட்டுக் குடும்பம் ஒன்று, அவருடைய ஒழுங்கைப் பார்த்துத் தங்கள் ஊருக்கு அழைத்துக்கொண்டது. நான்கு தலைமுறையாகத் திராட்சை பயிரிட்டு ஒயின் செய்கிற வீடு அது.

நிலவறையில் அடுக்கிய மரப் பீப்பாய்களைக் கவனிப்பது தம்பியின் வேலை. சிவப்பு ஒயின் ஆண்டுக்கணக்கில் அதற்குள் கிடக்கும், கொஞ்சங்கொஞ்சமாகக் குறையும். குறைந்த இடத்தில் காற்று தங்கினால் கெட்டுப்போகும். அதனால் அவ்வப்போது விளிம்புவரை நிரப்பி, வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட வேண்டும்.

என் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவர், பந்தி நடக்கும்போது ஒரு பாட்டிலை என் கையில் வைத்தார்.

"நான் வேலைக்குச் சேந்த வருசத்து ஒயின்ணே. பன்னெண்டு வருசமா நாந்தான் பாத்துக்கிட்டேன். நீங்க குடிக்க வேணாம், வீட்டுல இருக்கட்டும். அங்கிட்டு வீட்டுப் பெரியவுகளுக்குத்தான் இதக் குடுப்பாக."

"சாராயம் காச்சப் போனவன் சீர் கொண்டாந்திருக்கான் பாருங்க" என்றேன்.

"நான் குடிக்கிறதில்லண்ணே. ருசி பாத்துட்டுத் துப்பிருவோம்."

"துப்புறதுக்காடா கடல் தாண்டிப் போன?"

பந்தியே சிரித்தது. வாத்தியார் வீட்டில் சாராயமா என்று ஊர் பேசிவிடுமோ என்ற பயம் எனக்கு. தக்கையைக் கம்பியால் உள்ளே குத்தித் தள்ளி, தென்னையடியில் முழுவதையும் கொட்டினேன். தம்பி காலிப் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஊருக்கு அவர் குடிகாரர். அடுத்த முறை வந்தபோது எனக்குப் புதுக்கோட்டையில் வேட்டி எடுத்து வந்தார். அந்த நாட்டிலிருந்து எதுவும் கொண்டுவரவில்லை.

சென்ற ஆண்டு விடுப்பில் ஊருக்கு வந்திருந்த அவரை நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "குடிப்பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்டார். நான் முந்திக்கொண்டு "உண்டு" என்றேன்.

"ஒரு நாளும் இல்லீங்க டாக்டர்!" என்று அழுதார் அவர் மனைவி.

தம்பி கண்ணைத் திறக்காமல் மனைவியிடம் சொன்னார்: "விடு, அழாத. அண்ணனுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்."

மூன்றாம் நாள் போய்விட்டார்.

காரியத்தன்று அந்த ஸ்பெயின் வீட்டுப் பெரியம்மா போனில் பேசினார். தம்பி மகன் கேட்டு எங்களுக்குத் தமிழில் சொன்னான். அங்கே வேலை செய்தவர்களில் ஒரு சொட்டும் விழுங்காதவர் தம்பி ஒருவர்தானாம். அவர் துப்பிவிட்டுத் தலையசைத்த பிறகுதான் பீப்பாயிலிருந்து பாட்டிலுக்கு மாற்றுவார்களாம்.

அன்று பந்தியில் உங்கள் எல்லோர் முன்னாலும் அவரைப் பழித்துச் சொன்னேன். ஆகவே உங்கள் எல்லோர் கைக்கும் வருகிற மலரில் எழுதுகிறேன். தம்பி குடித்ததில்லை. தெரிந்துகொள்ள விரும்பாமல் நான் பேசிய பேச்சு அது. இனி யாராவது அப்படிச் சொன்னால், அண்ணனே மறுத்து எழுதிவிட்டார் என்று சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் துணையிருந்த உறவினர்களுக்கும், தூக்கிச் சுமந்த ஊர்க்காரர்களுக்கும், ஒரு பீப்பாயில் சாக்பீஸால் தம்பி பெயரை எழுதி வைத்திருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி.

தம்பி படத்துக்கு முன்னால் எரியும் விளக்குக்கு அவர் மனைவி நல்லெண்ணெய் வைத்திருப்பது அந்தப் பாட்டிலில்தான். நான் குத்தித் தள்ளிய தக்கை இன்னும் உள்ளே மிதக்கிறது. இப்போது தினமும் எண்ணெய் ஊற்றுவது நான்.

— அண்ணன்